தெளிப்பான்களைப் பேணுவோர்: காவிரிப் படுகையின் தீக்காப்பு குறித்து ஓர் ஆய்வு

தீ பற்றிய இடத்தில் மனிதர் கை படாமலே தண்ணீரைச் சொரியும்படி அமைக்கப்பெற்ற தானியங்கித் தெளிப்பான், தொழிலாளர் வழக்கில் ‘ஸ்பிரிங்க்ளர்’ எனப்படுவது, பொருத்திய தினத்தோடு வேலை முடிந்துபோகும் சாதனம் அன்று. பொருத்தியவர் பணம் பெற்றுக்கொண்டு போன பின் இருபது, முப்பது ஆண்டுக்காலம் யாதொன்றும் செய்யாமல் கூரையடியில் காத்திருந்து, என்றோ ஒரு நாள், முன்னறிவிப்பின்றி, சில நிமிஷங்களுக்குள் தன் முழுப் பயனையும் தந்துவிட வேண்டிய சாதனம் அது. இவ்வாறு காத்திருக்கும் யந்திரங்களுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. பழுதுற்ற நிலையிலும் நல்ல நிலையிலும் அவற்றின் புறத்தோற்றம் ஒன்றே. அரிசி ஆலையில் பாய்லர் நின்றுவிட்டால் முதலாளி அந்த நிமிஷமே அறிவார். அதே ஆலையின் தெளிப்பான் குழாயில் தண்ணீரே இல்லை என்றாலோ ஒருவரும் அறியமாட்டார். அந்த அறியாமையை நீக்குவதற்கென்றே ஊர் ஊராகச் செல்லும் சிறு குழுக்கள் இன்று தஞ்சை, கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய ஊர்களில் வேலை செய்கின்றன. அக்குழுக்களின் வேலை யாது, அதற்கு இப்பிரதேசம் விளைக்கும் இடையூறுகள் யாவை, குழுவை நடத்துபவனிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது என்ன என்பவற்றை வரிசையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீற்றிலிருந்து கான்கிரீட்டுக்கு

தஞ்சைத் தரணியின் தீ விபத்துச் சரித்திரம் நெடுங்காலம் கீற்றின் சரித்திரமாகவே இருந்தது. 1997 ஜூன் 7-ஆம் நாள், பெரிய கோயில் கும்பாபிஷேகத்தை ஒட்டி அமைத்திருந்த யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயிலும் அதனால் விளைந்த நெரிசலிலும் 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23-ஆம் நாள், படுகையின் தலைவாயிலான ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த பந்தல் எரிந்து மணமகன் உட்பட 50-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் நெருக்கி நடத்தப்பட்டு வந்த பள்ளிகளில், சத்துணவுக் கூடத்தில் எழுந்த தீ வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது; பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை விலக்கப்பட்டது; 2009 ஏப்ரலில் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், குழந்தைக்குள்ள கல்வியுரிமையில் ஆபத்தற்ற கட்டடத்தில் கற்கும் உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்துக்கங்கள் இன்றும் இப்பகுதி மக்கள் மனத்தில் ஆறாத புண்களாக இருப்பதால், தீ என்றவுடன் நமக்குக் கீற்றும் குறுகிய மாடிப்படியுமே நினைவுக்கு வருகின்றன.

ஆனால் கீற்று பின்வாங்கிய இடத்தில் வேறோர் ஆபத்து குடியேறியிருக்கிறது. நான்கைந்து மாடி ஜவுளிக் கடைகள், குளிர்சாதனம் பொருந்திய கல்யாண மண்டபங்கள், தனியார் ஆஸ்பத்திரிகள், தங்கும் விடுதிகள் ஆகியவை படுகையின் சிறு பட்டணங்களிலும் பெருகிவிட்டன. கீற்றுத் தீ கண்ணுக்குத் தெரியும், காற்றில் பரவும், சில நிமிஷங்களில் எரிந்து தணியும். மூடிய கட்டடத்தின் தீயோ கீழ்த்தளத்தில் ஒளிந்து புகையால் கொல்லும். ஜன்னலைக் கண்ணாடி மறைத்திருப்பதால் உள்ளே செல்ல வழியும் கிடைக்காது. 2017 மே 31-ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளி மாளிகை பற்றியெரிந்தபோது தீயணைப்புப் படையினர் ஒரு நாளுக்கு மேல் போராட நேர்ந்ததும், முடிவில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று என்பதும் யாவரும் அறிந்தவை. இத்தகைய கட்டடங்களில் வண்டி வந்து சேரும் வரை தீயை அது பிறந்த இடத்திலேயே அடக்கி நிறுத்தவல்ல சாதனம் தெளிப்பான் ஒன்றே. 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரக் கட்டடங்களுக்கும் ஆபத்து மிகுந்த பிற கட்டடங்களுக்கும் தேசியக் கட்டட விதித்தொகுதி தீக்காப்பு நியமங்களை வகுத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின் நான்காம் பகுதி அதற்கென்றே அமைந்தது. தெளிப்பானை அமைக்கும் முறைக்கு 2002-இல் வெளியான ஐ.எஸ். 15105 என்ற இந்தியத் தரநிலையும் உண்டு. ஆகவே சட்டம் இல்லை என்று நாம் குறைகூற இயலாது.

சாதனத்தின் தன்மை

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பியானோ செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலி 1874-இல் தம் ஆலையைக் காப்பதற்காகத் தானியங்கித் தெளிப்பானை உருவாக்கினார். பிரெடரிக் கிரின்னெல் அடுத்த பத்தாண்டுக்குள் அதைத் திருத்தி, விற்பனைக்குரிய பண்டமாக்கினார். நியூ இங்கிலாந்திலும் லங்காஷயரிலும் இருந்த பஞ்சாலைகளே அதற்கு முதல் ஆதரவு தந்தன. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தைக் குறைத்ததே அந்த ஆதரவுக்குப் பெரும் காரணம். மனிதாபிமானம் கதவைத் தட்டுவதற்கு முன்பே கணக்குப் புத்தகம் கதவைத் திறந்துவிட்டது.

இன்று நாம் காணும் தெளிப்பானின் தலையில் விரல் நுனியளவு கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். அதனுள் இருக்கும் திரவம் சூட்டால் விரிந்து, குறித்த உஷ்ணத்தில் குமிழை உடைக்கும், அடைப்பு விலகும், தண்ணீர் பாய்ந்து தகட்டில் மோதிக் குடைபோல் விரியும். திரவத்தின் நிறம் அதன் உஷ்ணத்தைக் காட்டும்: ஆரஞ்சு 57 பாகை, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. சினிமாவில் காட்டுவதுபோல் ஒரு புகையைக் கண்டு கட்டடம் முழுவதும் மழை பொழிவதில்லை. எந்தத் தலைக்குச் சூடு எட்டுகிறதோ அது மட்டுமே திறக்கும். சாதாரணத் தலை ஒன்று அரை பார் அழுத்தத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 57 லிட்டர் தரும்; ஒரு தலையின் பொறுப்பில் 12 சதுர மீட்டர் தரை என்று கொண்டால், அந்தத் தரைமீது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீர் விழுகிறது. மணிக்கணக்கில் பார்த்தால் அது 300 மில்லிமீட்டர். ஒரு நாள் முழுவதும் சுமார் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதிகனமழை என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையோடு வாழ்ந்து பழகிய டெல்டா விவசாயிக்கு இந்தக் கணக்கின் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பின்னால் தொட்டி, பம்ப், வால்வு, குழாய் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. குழாயில் அழுத்தம் சிறிது குறைந்தால் ஜாக்கி பம்ப் ஓடும். மேலும் குறைந்தால் மின்சார மெயின் பம்ப். மின்சாரம் இல்லையேல் டீசல் பம்ப். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கூரையில் தொங்கும் அத்தனை தலைகளும் வெறும் அலங்காரமே.

எங்கே தவறுகிறது?

அமெரிக்கத் தேசியத் தீக்காப்புச் சங்கம் பல ஆண்டுகளாகத் திரட்டிவரும் புள்ளிவிவரங்கள் இவ்விஷயத்தில் தெளிவான ஒரு பாடத்தைத் தருகின்றன. தெளிப்பான் இயங்கத்தக்க அளவு வளர்ந்த தீக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அது இயங்கியிருக்கிறது. இயங்காத இடங்களை ஆராய்ந்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் காரணம், யாரோ அமைப்பை மூடி வைத்திருந்ததுதான். யந்திரம் தோற்றதைவிட மனிதர் வால்வை மூடியதே அதிகம். ரிப்பேருக்காக மூடியிருப்பார்கள், கசிகிறது என்று மூடியிருப்பார்கள், மூடியவர் வேலை மாறிப் போயிருப்பார்.

பராமரிப்பின் இரு முகங்களையும் ஒரே இரவில் காட்டிய விபத்து 1991 பிப்ரவரி 23-இல் பிலடெல்பியாவில் நிகழ்ந்தது. ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடத்தில் 22-ஆம் மாடியில் பற்றிய தீயை எதிர்க்கச் சென்ற படையினரின் குழாய்களில் போதிய அழுத்தம் வரவில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் தவறான அளவில் திருப்பி வைக்கப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். தீயணைப்போர் மூவர் உயிரிழந்தனர். மாடி மாடியாக ஏறிய அதே தீ, 30-ஆம் மாடியில் பத்துத் தெளிப்பான் தலைகள் திறந்தவுடன் நின்றுவிட்டது. ஒரு வால்வைச் சரியான அளவில் வைக்காதவனின் அலட்சியமும், பத்துத் தலைகளைச் சரியாகப் பேணியவனின் சிரத்தையும் எட்டு மாடி இடைவெளியில் அருகருகே பரீட்சிக்கப்பட்டன.

குழுவின் ஒரு நாள்

படுகையின் ஊர்களுக்குச் செல்லும் பராமரிப்புக் குழு என்பது பெரும்பாலும் நான்கு பேர்: சூப்பர்வைசர் ஒருவர், குழாய் வேலையில் கைதேர்ந்த ஃபிட்டர் ஒருவர், பேனலையும் மோட்டாரையும் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர், ஹெல்பர் ஒருவர். ஜவுளிக் கடையானால் இரவு பத்து மணிக்கு மேல்தான் வேலை; ஆஸ்பத்திரியானால் நோயாளிகள் அஞ்சாதபடி வார்டு வார்டாக முன்கூட்டிச் சொல்லிவிட்டே மணியை அடிக்கவிட வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அவர்கள் பேச்சில் ஏ.எம்.சி., அவர்களை அழைத்து வருகிறது.

அவர்களுடைய பரீட்சைகளுள் இரண்டைக் கூர்ந்து நோக்குவோம். முதலாவது, பிரதானக் குழாயின் அடியில் உள்ள டிரெயின் வால்வைத் திறந்து பார்ப்பது. திறப்பதற்கு முன் கேஜில் உள்ள அளவையும், தண்ணீர் முழு வேகத்தில் ஓடும்போது உள்ள அளவையும் குறித்துக்கொண்டு, சென்ற தடவைக் குறிப்போடு ஒப்பிடுவார்கள். நின்ற தண்ணீரின் அழுத்தம் மாறாமலிருந்து, ஓடும் தண்ணீரின் அழுத்தம் மட்டும் சென்ற தடவையைவிட வெகுவாகக் குறைந்தால், வழியில் ஏதோ ஒரு வால்வு அரைகுறையாக மூடிக் கிடக்கிறது அல்லது குழாயில் அடைப்பு இருக்கிறது என்பது நிச்சயம். ஹெல்பர் கேஜருகே குந்தி, “அண்ணே, நாலரையில நின்னது ரெண்டுக்கு வந்துடுச்சு” என்று குரல் கொடுக்கிறான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் சூப்பர்வைசர் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு வருகிறாரா, அல்லது “கேஜு பழசுடா, போன தடவை எழுதுனதையே எழுது” என்கிறாரா என்பதில்தான் ஒரு குழுவின் தரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் வகையானால் அந்தப் பையன் ஐந்தாண்டில் நல்ல ஃபிட்டர் ஆவான். இரண்டாம் வகையானால் கேஜைப் பார்ப்பதையே அவன் நிறுத்திவிடுவான்.

இரண்டாவது, குழாயின் கடைக்கோடியில் உள்ள சோதனை வால்வைத் திறப்பது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று தலைமடையில் நின்று சொல்வது எளிது. கடைமடை வயலில் ஏறிற்றா என்பதே கேள்வி என்பதை இந்நாட்டார்க்கு யாரும் கற்பிக்க வேண்டா. பம்ப் அறையில் கேஜ் முள் நிமிர்ந்து நிற்பதால் மட்டும் நான்காம் மாடியின் மூலைத் தலைக்குத் தண்ணீர் போகும் என்பது உறுதியன்று. கோடி வால்வைத் திறந்தபின் ஒன்றரை நிமிஷத்துக்குள் மணி அடிக்க வேண்டும். பம்ப் தானே எழுந்து ஓட வேண்டும். கையால் பொத்தானை அமுக்கி ஓடவைத்துவிட்டு ‘ஆட்டோ ஓகே’ என்று எழுதுவது இத்தொழிலில் மலிந்துள்ள பொய்களுள் தலையாயது.

இப்பிரதேசத்தின் இடையூறுகள்

மேல்நாட்டுக் கைநூல்களில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோவதைப் பற்றி அதிகாரம் அதிகாரமாக எழுதியிருப்பார்கள். அந்தக் கவலை தஞ்சைக்கு இல்லை. நம் கவலைகள் வேறு.

முதற்கவலை சூடு. சுற்றுப்புறத்தின் உச்ச உஷ்ணத்தைவிடச் சுமார் 30 பாகை கூடுதலாகத் தலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பொது விதி. குளிர்சாதன அறையில் சிவப்புக் குமிழ் பொருத்தமே. ஆனால் சித்திரை வெயிலில் காயும் தகரக் கூரையின் கீழுள்ள அரிசி ஆலையிலோ சாக்குக் கிடங்கிலோ அதையே மாட்டினால், தீயின்றியே குமிழ் உடைந்து மூட்டைகளை நனைக்கும். ஒரு தடவை நனைந்துவிட்டால் முதலாளி செய்யும் முதற்காரியம் வால்வை மூடுவதுதான். கிடங்கில் பச்சைக் குமிழ் வைக்கத் தெரியாத அறியாமை, இவ்வாறு அமைப்பையே மூடிவிடுவதில் முடிகிறது.

இரண்டாவது தூசு. உமியும் தவிட்டுத் தூசும் தலைமேல் படிந்து கம்பளிபோல் மூடிவிட்டால் சூடு குமிழை எட்டத் தாமதமாகும். இதைவிட மோசமானது தீபாவளிக்கு முன் நடக்கும் வெள்ளையடிப்பு. வர்ணம் பூசுபவர் கூரையோடு தலையையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போய்விடுவார். வர்ணம் பட்ட தலையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது கூடாது. மாற்றியே ஆக வேண்டும். அதே பண்டிகைக் காலத்தில் புடவைக் கட்டுகளைக் கூரை முட்ட அடுக்குவதும் வழக்கம்; தலைக்குக் கீழே அரை மீட்டர் வெற்றிடம் இல்லையேல் தண்ணீர் விரிந்து பரவ இடமிராது.

மூன்றாவது தண்ணீரே. நாகை, வேதாரண்யக் கரையோரத்து உப்பு நீர் இரும்புக் குழாயை அரிக்கும். உள்நாட்டு ஆழ்குழாய் நீரோ மணலையும் படிவையும் கொணர்ந்து அடைக்கும். குழாயை அடிக்கடி காரணமின்றி வடித்து நிரப்புவதும் தீங்கே. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரோடு புதுப் பிராணவாயு உள்ளே புகுந்து துருவை வளர்க்கிறது. பரீட்சிக்க வேண்டும், ஆனால் அளவோடு பரீட்சிக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் மட்டுமே அறிந்த நயம்.

நான்காவது மின்சாரம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலால் படுகையின் தென்பகுதி பல நாட்கள் இருளில் கிடந்தது. அத்தகைய காலத்தில் மின்சார பம்ப் உயிரற்ற இரும்பு; டீசல் எஞ்சின் ஒன்றே துணை. அந்த எஞ்சினை வாரந்தோறும் ஓட்டிப் பார்ப்பதும், பேட்டரியைச் சோதிப்பதும், தொட்டியில் டீசல் இருக்கிறதா என்று அளவுக் குழாயைப் பார்ப்பதும் அற்பக் காரியங்களாகத் தோன்றும். எனினும் ஐப்பசி பிறப்பதற்கு முன் தன் பொறுப்பிலுள்ள டீசல் எஞ்சின்கள் அனைத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடும் குழுத் தலைவன், தூர்வாருதலை மழைக்கு முன் முடித்துவிடும் ஊரார் அளவு புத்திசாலி என்றே சொல்ல வேண்டும்.

தலைமை என்பது யாது?

இவ்விஷயத்தில் மூன்று வித அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. கட்டட உடைமையாளர் பலர், தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்று பெற்றதோடு கடமை தீர்ந்தது என்று கருதுகின்றனர். உத்தியோகஸ்தர் சிலர், தண்டனையைக் கடுமையாக்கினால் எல்லாம் சீர்ப்படும் என்கின்றனர். தொழிலில் உள்ளோர், கூலியையும் பயிற்சியையும் உயர்த்தாமல் நல்ல வேலையை எதிர்பார்ப்பது வீண் என்கின்றனர். முதல் கருத்து பிழையென்பது மேலே கண்டவற்றால் விளங்கும். இரண்டாவதில் பாதி உண்மை உண்டு. ஆனால் ஆண்டுக்கொருமுறை வரும் அதிகாரி, நேற்று மூடிய வால்வை எங்ஙனம் அறிவார்? மூன்றாவது முற்றிலும் நியாயமே; ஆயினும் நன்கு பயின்ற கைகளும் பொய் எழுதக்கூடும்.

எனவே விஷயத்தின் மையம் வேறிடத்தில் இருக்கிறது. குழுத் தலைவனுக்குக் கூலி தருபவர் கட்டட உடைமையாளர். அவன் குறைகாண வேண்டியதும் அவர் கட்டடத்தில்தான். இரவெல்லாம் வேலை செய்து முடித்தபின் மானேஜர் வந்து, “எல்லாம் சரியா இருக்குன்னு போட்டுக் கொடுத்துடுங்க சார், பேட்டரிய அடுத்த மாசம் மாத்திக்கலாம், ஆடிட்டுக்குக் காட்டணும்” என்கிறார். அவர் தீயவரல்லர், அவருக்கும் மேலே முதலாளி இருக்கிறார். இந்த இடத்தில், ‘டீசல் பம்ப் இயங்கவில்லை’ என்ற மூன்று சொற்களை எழுதி, நாளும் நேரமும் குறித்து, மானேஜரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வருபவனே தலைவன். ஏணியில் முதலில் ஏறுவதும், கருவிகளைச் சரிபார்ப்பதும், உயரத்தில் வேலை செய்பவனுக்குக் கயிறு கட்டியிருக்கிறதா என்று நோக்குவதும் அவன் கடமைகளே. ஆனால் அவை எந்தக் கொத்தனார் குழுவின் தலைவனுக்கும் பொது. உண்மையை எழுதுவது இத்தொழிலுக்கே உரிய தலைமைக் குணம்.

அமைப்பை மூட நேரும்போது அவன் பின்பற்ற வேண்டிய முறையும் வகுக்கப்பட்டிருக்கிறது. மூடிய வால்வில் சிவப்புச் சீட்டைக் கட்ட வேண்டும். மூடியவர் பெயரும் நேரமும் அதில் இருக்க வேண்டும். உடைமையாளருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் அமைப்பு செயலற்றிருந்தால் ஆளை வைத்துக் காவல் சுற்ற வேண்டும், அல்லது கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அமெரிக்கச் சங்கத்தின் பராமரிப்பு விதி கூறுகிறது. திறந்தபின் சீட்டை அவிழ்ப்பதோடு நில்லாமல், டிரெயினை மீண்டும் ஒருமுறை ஓடவிட்டு, வால்வு உண்மையிலேயே முழுதும் திறந்ததா என்று பார்ப்பவனே வேலையை முடித்தவன்.

ஆனால் ஒரு தனி மனிதனின் நேர்மையை மட்டும் நம்பி ஒரு நகரத்தின் பாதுகாப்பை விட்டுவிடலாகாது. அந்த நேர்மைக்கு ஸ்தாபன பலம் வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் ஆண்டின் தீத்தடுப்புச் சட்டப்படி, உரிமம் பெற்ற நிறுவனம் சாதனங்களைச் சோதித்துத் தரும் சான்றை உடைமையாளர் ஜனவரியிலும் ஜூலையிலும் சமர்ப்பிக்க வேண்டும். சான்று தருபவரின் உரிமம் அச்சான்றின் உண்மையோடு பிணைந்திருப்பதால், ‘போட்டுக் கொடுங்க’ என்பாருக்கு, ‘என் லைசென்ஸ் போய்விடும் சார்’ என்று கௌரவமாக மறுமொழி சொல்ல வழி பிறக்கிறது. அம்முறையிலும் காகிதச் சான்றுகள் பெருகக்கூடும் என்பது மெய்யே. அதைத் தடுக்க, சான்றோடு டிரெயின் பரீட்சையின் இரண்டு அழுத்த அளவுகளையும், கோடி வால்வைத் திறந்தபின் மணி அடிக்க ஆன விநாடிகளையும் எழுதியாக வேண்டும் என்று விதிக்கலாம். ஆண்டுக்காண்டு அவை ஒரே எண்ணாக வந்தால் பரீட்சை நடக்கவில்லை என்பது மேசையிலிருந்தே புலப்படும். படுகையில் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கெனச் சிறு பாடத்திட்டம் ஒன்றைச் சேர்ப்பதும், ஃபிட்டர் படித்து வரும் கிராமத்துப் பையன்களுக்கு உள்ளூரிலேயே கௌரவமான பிழைப்பைத் தருவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

கும்பகோணத்துக்குப் பின் நாம் சட்டம் இயற்றினோம்; சாதனங்களை வாங்கினோம்; சான்றுகளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினோம். அவையனைத்தும் அவசியமே. ஆனால் சாதனம் இருக்கிறது என்பதற்கும் அது இயங்கும் என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்கச் சட்டத்தாலும் பணத்தாலும் மட்டும் ஆகாது. கோடி வால்வைத் திறந்து பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதும் ஒருவன் வேண்டும். அவன் எழுதுவது உடைமையாளருக்குக் கசந்தாலும் அவனுடைய வேலைக்கும் கூலிக்கும் பங்கம் வராது என்ற உறுதியை அவனுக்கு அளிப்பதே இனி அரசாங்கமும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் செய்ய வேண்டிய முதற்காரியம்.